இலைக்குப் பூசை! பூவுக்குப் பூட்டு!

"போதையை ஒழித்திடுவோம்!" — மேடைதோறும் கேட்கும் இந்த முழக்கத்தை மறுப்பார் எவருமிலர், மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. மதியை மதகுருவிடமும் அடகு வைக்கலாகாது, மயக்கப் பொருளிடமும் அடகு வைக்கலாகாது என்பது பகுத்தறிவாளன் கொள்கை. ஆனால், ஒழிக்க வேண்டியது எதனை — போதையையா, போதைக்கு அடிமைப்பட்டவனையா? ஒழிக்கும் கருவி யாது — மருத்துவமனையா, சிறைக்கூடமா? இந்தக் கேள்வியை எழுப்பியவுடன் மேடையிலே முணுமுணுப்பு. கேட்டவனையே குடிகேடன் என்று கூசாமல் கூறுவாரும் உளர். கேள்வி கேட்பதே குற்றம் என்று எங்கே சொல்லப்படுகிறதோ, அங்கே ஏதோ ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இது நாம் நெடுநாளாகக் கண்டறிந்த பாடம்.

போதைப்பொருள் விலக்கு நீடிக்க வேண்டும் என்போர், திருத்தப்பட வேண்டும் என்போர், அடியோடு நீக்கப்பட வேண்டும் என்போர் என உலகெங்கும் மூன்று அணியினர் இன்று வாதிடுகின்றனர். இந்த வாதத்திற்கு அடிப்படையாக நிற்கும் ஏடுகள் மூன்றினை இங்கே ஆராய்வோம். ஒன்று, ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' எனும் நூல். மற்றொன்று, கஞ்சாவைப் பற்றி ஆராய வெள்ளையர் அரசு அமைத்த குழு 1894-ல் அளித்த அறிக்கை. பிறிதொன்று, இந்திய நாடாளுமன்றம் 1985-ல் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம். முதல் ஏடு தத்துவம்; இரண்டாவது ஆராய்ச்சி; மூன்றாவது தண்டம். மூன்றையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

அறிஞர் மறந்த அபின்

மில், நம் இளைஞர் பலருக்கு அறிமுகமானவர். பெண்ணுரிமை பேசியவர், பெரும்பான்மையோர் கருத்து என்பதற்காகவே ஒரு கருத்து சரியாகிவிடாது என்று துணிந்து உரைத்தவர். அவர் வகுத்த நெறி எளியது: ஒருவன் பிறர்க்குத் தீங்கு செய்யும்போது மட்டுமே அரசு அவனைத் தடுக்கலாம், அவனுடைய நன்மைக்காகவே என்று சொல்லி அவனைக் கட்டாயப்படுத்தலாகாது. அறிவுரை கூறலாம், வாதிடலாம், வேண்டிக்கொள்ளலாம் — ஆனால் கைவிலங்கு கூடாது.

இந்த நெறியைக் கொண்டுதான், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மதுவிலக்குச் சட்டத்தை மில் கண்டித்தார். குடிப்பவனைக் கண்டால் என் சமூக உரிமை கெடுகிறது என்று வாதிட்ட அந்நாளைய மதுவிலக்குச் சங்கத்தாரை நோக்கி, அப்படியானால் உலகிலே எந்தச் செயலையும் எவரும் தடுத்துவிடலாமே என்று மடக்கினார். தொழிலாளர் குடிப்பர் என்பதற்காகவே மதுக்கடைகளைக் குறைப்பது, தொழிலாளரைக் குழந்தைகளாக நடத்துவதாகும் என்றார். இவ்வளவும் ஏற்கத்தக்கதே. ஆனால் அடுத்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். சீனத்தில் அபின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையையும் அதே பட்டியலிலே சேர்த்து, அது வாங்குவோன் சுதந்திரத்தில் கை வைப்பது என்கிறார்.

இங்கேதான் நாம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். இதை எழுதிய மில் யார்? 1823 முதல் 1858 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். அந்தக் கம்பெனியின் கையிலே இருந்ததென்ன? வங்காளத்து அபின் ஏகபோகம்! பீகாரிலும் காசிப் பகுதியிலும் உழவனுக்கு முன்பணம் கொடுத்து, கசகசாச் செடி பயிரிட வைத்து, கம்பெனி குறித்த விலைக்கே பாலை வாங்கி, பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனத்தின் சட்டத்தை மீறிக் கடத்தும் வணிகரிடம் ஒப்படைத்தது அந்தக் கம்பெனி. சீன அதிகாரி லின் சேஷூ 1839-ல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றிச் சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீரிலே கரைத்தார். அதற்கு விடையாகப் போனது மில்லின் தத்துவ நூல் அல்ல, பீரங்கிக் கப்பல்! 1839 முதல் 1842 வரை ஒரு போர், 1856 முதல் 1860 வரை மற்றொரு போர். 1858-ல் கையெழுத்தான உடன்படிக்கைகளையொட்டி, அபின் சீனத்திலே வரி கட்டி இறக்கும் சரக்காயிற்று. அடுத்த ஆண்டு மில்லின் நூல் வெளிவந்தது.

அந்த நூலிலே அபின் வாங்கும் சீனனுடைய சுதந்திரம் பேசப்படுகிறது. அபின் பயிரிட்ட பீகார் உழவனுடைய சுதந்திரம் பேசப்படவில்லை. தன் துறைமுகத்திற்குள் எது வரலாம் என்று முடிவு செய்யும் சீன மக்களின் சுதந்திரமும் பேசப்படவில்லை. அதுமட்டுமா? நூலின் முற்பகுதியிலேயே, முதிர்ச்சியடையாத நாட்டினர்க்கு இந்தச் சுதந்திர நெறி பொருந்தாது, அவர்களை நல்லெண்ணம் கொண்ட கொடுங்கோலன் ஆளலாம் என்று மில் ஒதுக்கி வைக்கிறார். ஆட்சி செய்யும் சுதந்திரம் கீழைநாட்டானுக்கு இல்லை; அபின் வாங்கும் சுதந்திரம் மட்டும் உண்டு! இலண்டன் தொழிலாளியைக் குழந்தையாக நடத்தாதே என்று கொதித்த பேனா, கடல் கடந்தவுடன் கம்பெனியின் மையைத் தொட்டுக்கொண்டது.

இதனால் மில்லின் நெறியே பொய் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சொன்னவன் தவறியதால் சொன்னது தவறாகிவிடாது. ஆனால், அந்த நெறியை எடுத்தாளும்போது ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். வாங்குவோன் சுதந்திரம் வேறு; விற்போன் கொள்ளை வேறு. மில்லே இதற்கு வழியும் வைத்திருக்கிறார். நச்சுப் பொருளை விற்பவன் அதன்மீது எச்சரிக்கை எழுத வேண்டும், வாங்கியவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார். தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது, சுதந்திரத்தை இழக்கும் சுதந்திரம் என ஒன்றில்லை என்கிறார். அந்தக் கருத்தை அபினுக்கும் பொருத்திப் பார்த்திருந்தால், மனிதனை அடிமையாக்கியே விற்பனையைப் பெருக்கும் வாணிபத்தின் தன்மை அவருக்குத் தெரிந்திருக்கும். பொருத்திப் பார்க்கவில்லை. நாம் பார்க்கிறோம்.

பைத்தியக்காரப் புள்ளிவிவரம்

இரண்டாவது ஏட்டுக்கு வருவோம். கஞ்சா இந்திய மக்களைப் பைத்தியமாக்குகிறது, ஆகவே தடை செய்க என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே குரல் எழுந்ததன் விளைவாக 1893-ல் ஒரு குழு அமைந்தது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்தனர், மாகாணந்தோறும் சென்றனர், பல தொகுதிகளாக அறிக்கை அளித்தனர்.

இந்த அறிக்கையிலே பகுத்தறிவாளர் போற்ற வேண்டிய ஒரு பகுதி உண்டு. மனநோய் விடுதிகளின் ஏடுகளில், நோயின் காரணம் என்ற கட்டத்திலே 'கஞ்சா' என்று எழுதப்பட்டிருந்தது. அதைக் காட்டித்தான் தடை கோரினர். குழுவினர் அந்த எழுத்தை அப்படியே நம்பவில்லை. ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் திருப்பிப் பார்த்தனர். என்ன தெரிந்தது? காவலர் அனுப்பிய குறிப்பைப் பார்த்து எழுதியது. காரணம் விளங்காத இடத்தில் வழக்கமாக எழுதி வைத்தது. நோயாளி கஞ்சா புகைப்பவன் என்று கேள்விப்பட்டதும் வேறு விசாரணையின்றி நிரப்பியது — இவையே பெரும்பகுதி! அச்சேறிய புள்ளிவிவரமாயிற்றே என்று தலைவணங்காமல், யார் எழுதினார், எப்படி எழுதினார் என்று கேட்டனர். வேதமானாலும் விவரப் பட்டியலானாலும் கேள்வி ஒன்றுதானே!

முடிவில், அளவோடு பயன்படுத்துவதால் குறிப்பிடத்தக்க கேடில்லை, அளவு மீறினால் கேடுண்டு, அளவு மீறுவோர் சிலரே, ஆகவே முழுத்தடை வேண்டாம். உரிமம், வரி, கடைக் கட்டுப்பாடு ஆகியவற்றால் அடக்கி வைக்கலாம் என்றனர். தடை செய்தால் மக்கள் அதனினும் கொடிய பொருளை நாடக்கூடும் என்றும் எச்சரித்தனர்.

போற்ற வேண்டியதைப் போற்றினோம். சாட வேண்டியதையும் சாடுவோம். தடை கூடாது என்பதற்கு அந்தக் குழு காட்டிய காரணங்களுள் ஒன்று, கஞ்சா இந்துக்களின் வழிபாட்டோடு கலந்தது, சாதுக்களும் சாமியார்களும் சிவனுக்குரியதெனக் கொண்டாடுவது, தடுத்தால் கிளர்ச்சி எழும் என்பது. அறிவுக் கண்ணோடு தொடங்கிய ஆராய்ச்சி, ஆலயத்தின் வாயிலுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டது! உழைத்துக் களைத்தவன் புகைத்தால் பழக்கம். காவி கட்டியவன் புகைத்தால் பக்தி. மற்றொரு காரணம், சொல்லாமலே விளங்குவது: கலால் வரி. வருவாய் பெறும் அரசே, அந்த வருவாய்க்கு மூலமான பொருள் கேடானதா என்று விசாரிக்க ஆள் அமர்த்தியது. முறை நேர்மையானது, நிழல் மட்டும் அரசாங்கப் பெட்டியின் நிழல்.

ஒரே செடி, இரண்டு நீதி

மூன்றாவது ஏடு, இன்றைய சட்டம். 1961-ல் ஐ.நா. மன்றத்தின் ஆதரவில் உருவான ஒற்றை உடன்படிக்கை, மருத்துவத்திற்கும் அறிவியலுக்குமன்றிப் பிற வகையில் கஞ்சா பயன்படுத்தப்படுவதை 25 ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அதன் வழிவந்ததே 1985-ஆம் ஆண்டுச் சட்டம். முன்னர்க் கண்ட குழுவைப்போல் ஆயிரம் சாட்சிகளை விசாரித்தா இது பிறந்தது? இல்லை. ஆனால் வேகத்திலும் கடுமையிலும் குறைவில்லை. தொடக்கத்திலே, சிறு பொட்டலத்தை விற்றவனுக்கும் பெரும் கடத்தல்காரனுக்கும் ஒரே பத்தாண்டுக் கடுங்காவல்! அளவுக்கேற்ற தண்டனை என்ற எளிய நீதியைச் சேர்க்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின — 2001-லேதான் திருத்தம் வந்தது. 1989-ல், மீண்டும் குற்றம் புரிந்தோர் சிலர்க்குக் கட்டாய மரண தண்டனை சேர்க்கப்பட்டது. நீதிபதிக்கே வேறு வழியில்லாமல் செய்யும் அந்தக் கட்டாயம் செல்லாதென்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2011-ல் கூறிய பின்னரே, 2014-ல் சட்டம் தளர்ந்தது.

இன்னும் பாரீர்! குற்றம் சாட்டியவன் அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நாகரிக நாட்டு நீதிமுறை. இந்தச் சட்டமோ, குற்ற எண்ணம் இருந்ததாகவே கொள்ளும்; இல்லை என்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டியவன் கூண்டிலே நிற்பவன்! பெரும் அளவு என்று வழக்குப் பதிவானால், பிணை என்பது எட்டாக்கனி. வாதாட வழக்கறிஞர் படையுள்ளவன் வெளியே வருவான். படிப்பும் பணமும் இல்லாதவன் வாய்தாவுக்கு வாய்தா எண்ணிக் கிடப்பான். விற்காமல், கடத்தாமல், தானே பயன்படுத்தினான் என்பதற்காகவே ஆறு திங்கள், சில பொருள்களுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சிகிச்சைக்கு வர ஒப்புக்கொள்வோரை வழக்கிலிருந்து விடுவிக்கும் பிரிவுகளும் அதே சட்டத்தில் உள்ளன. ஆனால், சிகிச்சை விடுதி எத்தனை ஊரில் உண்டு? காவல் நிலையமோ எல்லா ஊரிலும் உண்டு!

இந்தச் சட்டத்தின் வேடிக்கையான பகுதி இனித்தான் வருகிறது. கஞ்சாச் செடியின் பூக்கும் நுனி, சட்டத்தின் கண்ணில் கொடிய பொருள். அதன் பிசின், அதனினும் கொடியது. ஆனால் பூவோடு சேராத இலையும் விதையும் சட்டத்தின் பொருள் விளக்கத்திலேயே இல்லை! ஏன்? அந்த இலையிலிருந்துதான் பாங்கு அரைக்கப்படுகிறது. ஹோலி என்றும் சிவராத்திரி என்றும் வடநாட்டிலே பாலிலே கலந்து பருகப்படுகிறது. உத்தரப்பிரதேசம், இராசஸ்தான் போன்ற மாநிலங்களில் அரசு உரிமத்தோடு விற்கப்படுகிறது. 2019-ல் வெளியான மைய அரசின் ஆய்வு, நாட்டிலே கஞ்சாச் செடியின் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் என்றது. அவருள் பாங்கு பருகுவோர் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். கஞ்சாவும் சரசும் புகைப்போர் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம். இரண்டும் கொள்வோரும் அதிலே உண்டு. ஒரே செடி! இலையை உண்டவனுக்குப் பண்டிகை. பூவைப் புகைத்தவனுக்குப் பதிவேட்டிலே குற்ற எண்! இலைக்குப் பூசை, பூவுக்குப் பூட்டு!

இலையிலே மயக்கும் சத்துக் குறைவு, பூவிலே மிகுதி என்று விடை கூறுவர். உண்மைதான். ஆனால் சத்தின் அளவைக் கொண்டுதான் சட்டம் எழுதப்பட்டதென்றால், அளவு மீறிய பாங்கு பற்றி அது ஏன் வாய் திறக்கவில்லை? அதே ஆய்வின்படி 16 கோடிப் பேர் மது அருந்தும் நாட்டிலே, மதுவால் சாகும் உயிர்களைக் கணக்கிட்டுப் பட்டியல் ஏன் அமையவில்லை? பொருளின் கேட்டை எடை போட்டு வகுத்ததல்ல இந்த வரிசை. எவனுடைய பழக்கம் மதிப்புடையது, எவனுடைய பழக்கம் இழிவானது என்று பார்த்து வகுத்தது. இந்த வரிசை முறை நமக்குப் புதிதா? மனிதரையே இப்படித்தானே வரிசைப்படுத்தினர்!

அமெரிக்காவும் இதே வரிசையைத்தான் கண்டது. அங்கே 1986-ல் இயற்றிய சட்டம், கருநிற மக்கள் வாழும் பகுதிகளில் மலிவாகக் கிடைத்த கட்டிக் கொகெயின் ஒரு பங்குக்கும், பணம் படைத்தோர் பயன்படுத்திய தூள் கொகெயின் நூறு பங்குக்கும் ஒரே தண்டனை விதித்தது. 2010-ல் அந்த நூறு, பதினெட்டாகக் குறைந்தது, ஒன்றாகவில்லை.

மற்றொரு கொடுமையையும் மறத்தலாகாது. உலக மருத்துவத்திற்காகச் சட்டப்படி அபின் பயிரிடும் நாடு இந்தியா. மத்தியப்பிரதேசத்திலும் இராசஸ்தானத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் உரிமம் பெற்ற உழவர் பயிரிடுகின்றனர். ஆயினும், 1985-க்குப் பின், மார்பின் எனும் வலி நீக்கும் மருந்தை வைத்திருக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. பல உரிமங்கள், பல கையெழுத்துகள், தவறினால் சிறை! புற்றுநோயாளி துடித்தான், மருந்து, விதிகளின் பின்னே பூட்டிக் கிடந்தது. 2014 திருத்தம் இந்த முட்டுக்கட்டையைத் தளர்த்தியது. அதுவரை எத்தனை பேர் வலியோடு மாண்டனர் என்பதற்குக் கணக்கெழுத எந்தச் சட்டத்திலும் கட்டமில்லை.

பூட்டை உடைப்போர்க்கும் ஒரு சொல்

அப்படியானால் தடையை அடியோடு நீக்கிவிட்டு, கடைத்தெருவிலே கொட்டி விற்கலாமா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவிலே பர்டூ எனும் மருந்து நிறுவனம் 1996-ல் ஆக்சிகாண்டின் எனும் அபின் இன மாத்திரையைச் சட்டப்படி, மருத்துவர் கையெழுத்தோடு, ஊர் ஊராக விளம்பரம் செய்து விற்றது. 2007-லும் 2020-லும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எண்ணற்ற குடும்பங்கள் சீரழிந்தன. அங்கே தடை இல்லை, உரிமம் இருந்தது. ஆனால் இலாப வெறிக்குக் கடிவாளம் இல்லை. கள்ளக் கடத்தல்காரன் தேவையில்லாமலே, கனவான் உடையணிந்த வணிகன் அதே வேலையைச் செய்தான். இது மில்லின் நூலிலே விடுபட்ட பக்கம்.

போர்த்துகல் நாடு 2001-ல் வேறு வழி சென்றது. தன் பயன்பாட்டிற்கெனப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவனைக் குற்றவாளியாக்குவதை நிறுத்தி, மருத்துவரும் சமூகப் பணியாளரும் சட்டம் அறிந்தவரும் கொண்ட குழுவின் முன் அனுப்பியது. விற்பவனுக்குச் சிறை தொடர்ந்தது. கூடவே சிகிச்சை, தூய ஊசி, வேலை, வீடு எனப் பணம் செலவிடப்பட்டது. ஊசி வழி போதை ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. தொற்று பெரிதும் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-ல் வாக்கெடுத்து, 2021-ல் அதே வழியில் இறங்கியது. தண்டனையை உடனே நீக்கியது. சிகிச்சை அமைப்போ தாமதமாக வந்தது. தெருவிலே போதை பெருகியதாக மக்கள் சினந்தனர். 2024-ல் தண்டனை திரும்பியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்குப் பாடம் தெளிவு: கைவிலங்கைக் கழற்றினால் மட்டும் போதாது, கழற்றிய கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

நம் மண்ணின் வரலாறும் இதையே கூறும். 1937-ல் சேலத்தில் தொடங்கி, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவி, 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டும் வந்து, பின்னர் நீங்கி, 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்தும் நிலைக்கு வந்தது மதுவிலக்கின் கதை. தடை இருந்தபோது கள்ளச் சாராயம்; அரசுக் கடை இருந்தபோதும் 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட ஏழைகளை மாய்த்தது. தடுப்பதும் விற்பதும் ஆகிய இரண்டோடு அரசின் கடமை முடிந்துவிடுமென்றால், ஏழைக்கு மிஞ்சுவது சுடுகாடுதான். தந்தை பெரியார் தம் தோப்புத் தென்னை மரங்களைத் தாமே வெட்டிச் சாய்த்தவர். அவரேதான் பின்னாளில் அரசின் கட்டாய மதுவிலக்கைக் கண்டித்தார். இதனை முரண் என்பர் மேலோட்டமாகப் படிப்போர். தன் மரத்தை வெட்டுவது தன் ஒழுக்கம். பிறன் முதுகில் தடியை வைப்பது ஆட்சியின் அதிகாரம். இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே நம் கோரிக்கை யாது? பயன்படுத்தியவன் நோயாளியாயின் மருத்துவரிடம் அனுப்புக, நோயாளி அல்லனாயின் அறிவுரை கூறி வீட்டிற்கு அனுப்புக, சிறைக்கு அனுப்பற்க. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டியவன் தோளிலே மீண்டும் வைக்க. இலை, பூ, மது, மாத்திரை அனைத்தையும் ஒரே துலாக்கோலில், கேட்டின் அளவு கொண்டு நிறுக்க. பக்தியைப் படிக்கல்லாகப் போடற்க. பெருங்கடத்தல்காரனையும், அவனுக்குத் துணை நிற்கும் அதிகாரியையும் பிடிக்க. தடை தளரும் இடத்தில், அந்த வாணிபத்தை விளம்பர முதலாளியிடம் ஒப்படைக்கற்க. அதிலே கிடைக்கும் ஒவ்வொரு காசும் சிகிச்சைக்கே சேர்க. 2020-ல் ஐ.நா. குழுவிலே, கஞ்சாவை மிகக் கொடிய பொருள் பட்டியலிலிருந்து நீக்க 27 நாடுகள் வாக்களித்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டு மன்றத்திலே உயர்த்திய கையை உள்நாட்டு மன்றத்திலும் உயர்த்தினால் என்ன?

இளைஞர்களே! போதை உங்களுக்கு வேண்டாம். செய்ய வேண்டிய பணி மலைபோல் கிடக்கிறது. அதற்குத் தெளிந்த மூளை தேவை. ஆனால் அந்தத் தெளிந்த மூளையைக் கொண்டு, தெளிவின்றித் தள்ளாடுபவனை வெறுக்கக் கற்றுக்கொள்ளாதீர்கள். அவன் தள்ளாடுவது ஏன் என்று கேளுங்கள். அவன் கையிலே அதைக் கொடுத்தவன் யார், அதனால் கொழுத்தவன் யார், அவன் சிறையிலிருக்கக் கொழுத்தவன் வெளியிலிருப்பது எப்படி என்று கேளுங்கள். மில்லைப் படியுங்கள், மில் எழுதாமல் விட்டதையும் படியுங்கள். சட்டப் புத்தகத்தைப் படியுங்கள்; அதிலே பெயரில்லாமல் நிற்கும் ஏழையையும் படியுங்கள். படித்தபின் எழும் கேள்விதான் எந்தப் பூட்டுக்கும் முதல் சாவி.